கல்லடைப்பு மண்

யாழ்ப்பாணம் தட்டையான பூமி என்று படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கீரிமலையில் பெயரில் மட்டும்தான் மலை இருக்கிறது என்று சிரிப்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது தலையில் மண் நிரப்பிய பனையோலைக் கடகத்தோடு இராசமலரின் காணியில் ஏறி இறங்கியிருக்க மாட்டார். கீரிமலைக்குக் கிழக்கே, கல்லடைப்பு என்று காணிப் பத்திரமான உறுதியில் பெயர் எழுதிய ஆறு பரப்புக் காணி அது. மேல் எல்லையில் நின்று பார்த்தால் கீழ் எல்லை இரண்டு ஆள் பள்ளத்தில் தெரியும். மாரி மழை அந்தச் சரிவில் இறங்கினால் ஒரு பிடி மண்ணையும் விட்டுவைக்காது.

அந்தச் சரிவில் மூன்று படி கட்டி, மண் கொண்டுவந்து கொட்டி, வெங்காயம் விளைவித்தவர் இராசமலர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அந்த வேலையை ஆயுளில் ஒருதரம் செய்தாலே பெரிய காரியம். அவர் இரண்டுதரம் செய்தார். இன்றைக்கு எழுபத்து நாலு வயது. இன்னமும் கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சொல்வதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

1971ஆம் ஆண்டு அவருக்குக் கலியாணம். தகப்பனுக்கு நாலு பெண்கள். மூத்த மூவருக்கும் செம்மண் தோட்டம், கிணற்றில் பங்கு, வீட்டு வளவு என்று சீதனம் கொடுத்து முடித்தபோது, கடைசிப் பெண்ணுக்கு மிஞ்சியது இந்தக் கல்லுத்தான். மாரியில் கல்லிடுக்குகளில் கொஞ்சம் குரக்கன் விதைப்பார்கள். மற்ற மாதங்களில் ஆடு மேயும். சீதன உறுதி எழுதிய அன்று மூத்த தமக்கை எல்லாருக்கும் கேட்கும்படியாகக் கேட்டாள்.

“மலர், உதிலை என்னத்தை நடப்போறாய்? கல்லுக் கிளப்புற அலவாங்கையோ?”

“ஓம் அக்கா, முதல் போகம் அலவாங்குதான். ரெண்டாம் போகத்துக்கு உனக்குச் சொல்லி அனுப்புறன், வந்து பார்.”

மாப்பிள்ளை இளையதம்பி கல் உடைக்கிற தொழிலாளி. வாய் திறந்து நாலு வார்த்தை கதைக்காத மனிதர். ஆனால் ஒரு கல்லைப் பார்த்த உடனே அது எந்த இடத்தில் பிளக்கும் என்று சொல்லக் கூடியவர். அவர் உடைத்தார், இராசமலர் சுமந்தார். சரிவுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் கல்லுக்கட்டு எழும்பியது. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. அடியில் அகலம், மேலே ஒடுக்கம், மேட்டுப் பக்கமாகச் சற்றே சாய்வு. கட்டுக்குப் பின்னால் முட்டியளவு கல், அதற்குப் பின்னால் முட்டையளவு கல், அதற்குப் பின்னால் மண். தண்ணீர் போகவேண்டும், மண் நிற்கவேண்டும். வேலையின் சூட்சுமம் இவ்வளவுதான். இளையதம்பிக்குக் கல் தெரியும். தண்ணீர் எங்கே போகும் என்று கண்டு சொன்னது இராசமலர். இதை அவர் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

மண் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வராமல் நின்ற காலம் அது. வலிகாமத்துத் தோட்டக்காரன் தலை நிமிர்ந்து நடந்தான். கையில் காசு புழங்கியதால் ஊர் ஊராகக் கிணறு வெட்டினார்கள், பழைய கிணறுகளை ஆழமாக்கினார்கள். வெட்டிய செம்மண் குப்பிளானிலும் புன்னாலைக்கட்டுவனிலும் கும்பி கும்பியாகக் கிடந்தது. இராசமலர் வண்டில் பிடித்துக்கொண்டு போய், “எடுக்கட்டே?” என்று கேட்டார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த மண்ணை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஏழு வருடத்தில் ஆயிரத்து நூறு வண்டிலுக்கு மேல். முதல் படி நிரம்பியதும் அதில் மிளகாய் வைத்தார். இரண்டாம் படி நிரம்பியதும் புகையிலை. எழுபத்தேழுக்குப் பிறகு வெளிச் சாமான் கப்பலில் வந்து விலை விழுந்தபோது, மிளகாயை விட்டுச் சின்ன வெங்காயத்துக்கும் பீற்றூட்டுக்கும் மாறினார். துலா போய்த் தண்ணீர் இறைக்கிற மிசின் வந்தது. மேல் எல்லையில் இளையதம்பி கல்லுடைத்து வெட்டிய கிணற்றில் இறைத்த தண்ணீர் மூன்று படிக்கும் தானே நடந்து இறங்கியது. தமக்கைமார் மூவரும் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் தோட்டத்து வெங்காயம்தான் காரம் கூட என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவே பெரிய பாராட்டு.

தொண்ணூறாம் ஆண்டு எல்லாம் நின்றது. சண்டை வந்தது, ஊரே எழும்பி ஓடியது. கிழங்கு முற்றிய வெங்காயம் மண்ணுக்குள்ளேயே கிடக்க, இரண்டு பையும் உதயகலா என்ற ஒரே மகளுமாக இராசமலரும் இளையதம்பியும் மல்லாகத்தில் ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கிழமையில் திரும்பலாம் என்றார்கள். இருபத்தெட்டு வருடம் சென்றது. இளையதம்பி அந்த முகாமிலேயே கண்ணை மூடினார். இராசமலர் ஏழாலையில் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார், பிறகு அதே தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார், ஆட்டுப்பட்டி வைத்தார், மகளைப் படிப்பித்தார், மானிப்பாயில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார். சீதனம் என்ன? கல்லடைப்பு. போய்ப் பார்க்கவே முடியாத காணியை, தன் ஆயுள்வரை தனக்கும் உரிமை இருக்கும்படி சீவிய உருத்து வைத்து, மகளின் பெயரில் எழுதினார். கண்ணால் காணாத தோட்டத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மருமகன் வந்தான் என்றால் இராசமலரின் வாய்வல்லமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2018இல், இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டது. பங்குனி வெயிலில் இராசமலரும் உதயகலாவும் பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இப்பில் இப்பில் என்கிற சவுண்டல் மரங்கள் காடாக நின்றன. மேலே ஏறியதும் இராசமலர் அப்படியே நின்றுவிட்டார்.

படிகள் இல்லை. கட்டுகள் குலைந்து கிடந்தன. மண் இல்லை. தகப்பன் கொடுத்த அன்று எப்படிக் கிடந்ததோ அப்படியே, வெள்ளைக் கல்லாகக் கிடந்தது காணி. இருபத்தெட்டு மாரி ஆயிரத்து நூறு வண்டில் மண்ணையும் சுமந்துகொண்டு இறங்கியிருந்தது. எங்கே இறங்கியது என்று தேடத் தேவையில்லை. கீழே பக்கத்துக் காணிக்காரர் சண்முகநாதனின் நிலம் சிவப்பாகக் கிடந்தது. அவருடையது பிறவியில் சாம்பல் நிற மண். அந்தச் சாம்பலுக்கு மேலே முழங்கால் உயரத்துக்குச் செம்மண் படிந்து, அதில் புல்லு இடுப்பளவு வளர்ந்து நின்றது.

உதயகலா மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, இதிலை இனி என்ன செய்யலாம்? பக்கத்திலை முந்தியே விடுபட்ட மூண்டு காணியைக் கல்லு அகழக் குடுத்திட்டினம். எங்களிட்டையும் கேட்டு ஆள் வந்தது. நீங்களும் நானும் கையெழுத்து வைச்சால் சரி.”

“அந்த மூண்டையும் போய்ப் பார்த்தனியே? காணியே அது? குழி. மாரிக்கு எருமை படுக்கும்.”

“இது மட்டும் என்னம்மா? கல்லு.”

“மண் வரும்.”

“வந்தாலும் நிக்காது. முந்தினது நிண்டதே?”

இராசமலருக்கு அது சுருக்கென்று தைத்தது. கட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதால்தான் மண் போனது, கட்டு பிழையாய்ப் போனதால் அல்ல என்று வாதாடினார். கடைசியில் தாயும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வருகிற கார்த்திகை மழை முடிகிறபோது கல்லடைப்பில் மண் நின்றால் தோட்டம். நிற்காவிட்டால் கல்லுக்குக் கையெழுத்து.

அடுத்த நாள் காலை இராசமலர் சண்முகநாதனிடம் போனார். தாய்வழியில் தூரத்து அண்ணன் முறை. நாற்பது வருடம், காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஊரில் யாருக்கு மனு வேண்டுமானாலும் அவர்தான் எழுதுவார். ஒரு வரியில் சொல்லக்கூடியதை ஒன்பது வரியில் எழுதினால்தான் அவருக்குச் சாப்பாடு செமிக்கும்.

“அண்ணை, என்ரை மண் உங்கடை காணியிலை கிடக்கு. ரக்ரர் பிடிச்சு ஏத்திக்கொண்டு போகட்டே?”

சண்முகநாதன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“மண்ணிலை உன்ரை பேர் எழுதிக் கிடக்கே, மலர்?”

“எழுதத் தேவையில்லை. உங்கடை மண் சாம்பல். மேலை கிடக்கிறது சிவப்பு. சின்னப் பிள்ளையும் சொல்லும்.”

“மழை கொண்டந்து போட்டது. மழை போட்ட இடத்துக்குத்தான் அது சொந்தம். உறுதியை எடுத்துப் பார், பரப்புத்தான் எழுதியிருக்கு. மேலை எவ்வளவு, கீழை எவ்வளவு எண்டு எழுதேல்லை.”

“அப்ப நான் கல்லுக்கு மட்டும்தான் சொந்தக்காரியோ?”

“உனக்குச் சீதனமாய்த் தந்ததே அதுதானே, தங்கச்சி.”

இன்னொருவர் என்றால் அழுதிருப்பார், அல்லது சண்டை பிடித்திருப்பார். இராசமலர் வீட்டுக்கு வந்து, சோற்றைத் தின்று, அலவாங்கை எடுத்துக்கொண்டு கல்லடைப்புக்கு ஏறினார். மண் இல்லாத காணியில் கட்டுக் கட்டத் தொடங்கினார். அறுபத்தேழு வயது. கூட இரண்டு பெண்கள் கூலிக்கு. பெரிய கல் புரட்ட மட்டும் இளவாலையில் இருந்து கொலின்ஸ் தன் ரக்ரரோடு வருவான். முப்பது வயது, வாய் ஓயாதவன்.

“அம்மா, மண் இல்லாமல் கட்டுக் கட்டுறியள். சோறு ஆக்காமல் இலை போட்ட மாதிரிக் கிடக்கு.”

“இலையைப் போடு தம்பி. சோறு தன்ரை பாட்டுக்கு வரும்.”

“ஆர் ஆக்கிறது?”

“அண்ணை ஆக்குவார்,” என்று கீழ்க் காணியைக் காட்டினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால், தனக்கு அப்போதே தெரியும் என்பார் இப்போது. உண்மையில் அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கட்டு முதலில் எழும்பவேண்டும் என்பது மட்டும்தான்.

வைகாசி, ஆனி என்று கட்டு எழும்பியது. கீழே சண்முகநாதனும் தன் காணியைத் துப்பரவாக்கத் தொடங்கினார். பற்றை வெட்டிய பிறகுதான் அவருக்குத் தலையிடி தொடங்கியது. கிணறு இருந்த இடத்தில் புல்லு முளைத்த பள்ளம் ஒன்றுதான் இருந்தது. அவருடைய கிணறு கட்டில்லாக் கிணறு. செம்மண் உள்ளே இறங்கி வாய்மட்டம் வரை நிரப்பியிருந்தது. ஐந்து ஆட்கள் மூன்று நாள் வெட்டியும் தண்ணீரைக் காணவில்லை. நாலாம் நாள் ஆட்கள் வரவில்லை.

இந்த இடத்தில் வேறு ஊரவன் என்றால் தலையிலே கையை வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து பேரைக் கூப்பிட்டிருப்பான். சண்முகநாதன் மேசைக்கு முன்னால் போய்க் குந்தினார். பேனையை எடுத்தார். இப்படியொரு நட்டத்துக்கு ஒரு எதிராளி இல்லாமல் இருக்க முடியுமா? அவர் எழுதிய முறைப்பாடு மத்தியஸ்த சபைக்குப் போனது. ஆவணி மாதம் அதன் பிரதி தபாலில் இராசமலரின் கைக்கு வந்தது.

இராசமலர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் ஒன்றையும் தவறவிட மாட்டார்.

“எதிராளியின் கல்லடைப்பு எனும் காணியிலிருந்து எதிராளிக்குச் சொந்தமான செம்மண்ணானது பெயர்ந்து வந்து, முறைப்பாட்டாளரின் கிணற்றையும் மூன்று பரப்புத் தோட்டத்தையும் மூடிச் சொல்லொணா நட்டத்தை ஏற்படுத்தியுள்ளதால், எதிராளி தமது சொந்தச் செலவில் மேற்படி மண்ணை முற்றாக அகற்றித் தருமாறு பணிக்கப்பட வேண்டும்.”

மூன்றுதரம் வாசித்தார். பிறகு மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். உதயகலா பதறிப் போனாள்.

“அம்மா! வழக்கு வைச்சிட்டாரோ? நான் அப்பவே சொன்னனான், அந்த மனிசனோடை கொளுவாதேங்கோ எண்டு!”

“வழக்கில்லையடி பிள்ளை. மண். எழுத்திலை வந்திருக்கு.”

மத்தியஸ்த சபை ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் இருந்தவர் ஸ்ரெல்லா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சண்முகநாதன் வெள்ளை வேட்டி, மடித்த சால்வையோடு வந்து, முறைப்பாட்டைத் தானே வாசிக்க அனுமதி கேட்டார். வாசித்தார். ‘சொல்லொணா’ என்ற இடத்தில் நிறுத்திச் சபையைப் பார்த்தார். ‘முற்றாக’ என்ற இடத்தில் குரலை உயர்த்தினார்.

“அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று ஸ்ரெல்லா ரீச்சர் கேட்டார்.

இராசமலர் எழும்பி நின்றார்.

“அண்ணை எழுதினதிலை ஒரு எழுத்தும் பிழையில்லை ரீச்சர். மண் என்ரைதான். அகற்றச் சொல்லுறார். அகற்றுறன்.”

சண்முகநாதன் சிரித்த முகத்தோடு உட்காரப் போனவர், பாதியில் நின்றார்.

“நான் சொன்னது... கிணத்துக்கை கிடக்கிற மண்ணை.”

“‘மூன்று பரப்புத் தோட்டத்தையும்’ எண்டு எழுதியிருக்கே ஐயா?” என்றார் ஸ்ரெல்லா ரீச்சர்.

“அது ஒரு பேச்சுக்கு எழுதினது, ரீச்சர்.”

“‘எதிராளிக்குச் சொந்தமான’ எண்டும் இருக்கு.”

“எழுத்து முறை எண்டு ஒண்டு இருக்குத்தானே.”

“‘முற்றாக’ எண்டதுக்குக் கீழை கோடும் போட்டிருக்கிறியள்.”

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். சண்முகநாதன் சால்வையை இறக்கி முகத்தைத் துடைத்தார்.

“தோட்டத்திலை கிடக்கிற மண் கிடக்கட்டும். அது எனக்கு இடைஞ்சலில்லை.”

“அதெப்பிடி அண்ணை?” என்றார் இராசமலர். “கிணத்துக்கை கிடந்தால் என்ரை மண், தோட்டத்திலை கிடந்தால் உங்கடை மண்ணோ? உங்கடை மண் எண்டால் உங்கடை மண்தான் உங்கடை கிணத்தை மூடினது. பேந்து என்னை ஏன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வைச்சுக்கொண்டிருக்கிறியள்?”

ஸ்ரெல்லா ரீச்சர் குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இராசமலர் சொல்வார். மற்ற இரண்டு மத்தியஸ்தர்களும் சண்முகநாதனிடம் தணிந்த குரலில் கதைத்தார்கள். மண்ணை எடுத்தால் கிணறு கிடைக்கும், தோட்டம் பழைய மட்டத்துக்கு வரும், கேட்டதெல்லாம் அதுதானே என்றார்கள். கேட்டது அதுதான். எழுதியும் இருந்தது. அது மட்டுமில்லை, இராசமலர் கேளாததையும் கொடுத்தார். கிணற்றை இறைத்துத் துப்பரவாக்கித் தருவதும் தன் பொறுப்பு என்றார். இணக்கம் எழுதப்பட்டது: நாற்பது நாளுக்குள், சாம்பல் மண் தெரியும் மட்டும், செம்மண் முழுவதையும் எடுக்கவேண்டும். சண்முகநாதன் தன் அழகான கையெழுத்தைப் போட்டார். இராசமலர் தன் முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக, இடம் காணாமல் கோட்டுக்கு வெளியேயும் எழுதினார்.

கொலின்ஸ் அடுத்த நாளே ரக்ரரோடு வந்தான். ஆட்டுப்பட்டியில் பாதியை விற்ற காசு அதற்குப் போனது, போகட்டும். நாற்பது நாளும் சண்முகநாதன் குடை பிடித்தபடி கதிரை போட்டுக் குந்தியிருந்தார். தன் சாம்பல் மண்ணில் ஒரு பிடி தவறிப் போய்விடக் கூடாது என்பது அவர் கவலை. மண்வெட்டி கொஞ்சம் ஆழமாக விழுந்தால் கதிரையில் இருந்து சத்தம் வரும்.

“காணும்! காணும்! போதும்! சாம்பல் தெரியுது!”

“ஐயா, அது என்ரை கால்,” என்பான் கொலின்ஸ்.

நூற்று முப்பத்தொரு ரக்ரர்ப் பெட்டி மண் மேலே ஏறியது. கிணறு துப்பரவாகித் தண்ணீர் ஊறியது. ஆனால் போன மண் முழுவதும் திரும்பவில்லை. எவ்வளவோ மதகால் இறங்கிக் கடலுக்குப் போயிருக்கும். முதலாம் படி நிரம்பியது. இரண்டாம் படி நிரம்பியது. மூன்றாம் படிக்கு ஒரு கடகமும் மிஞ்சவில்லை. இராசமலர் கவலைப்படவில்லை. மண் இல்லாத படியில் குழி கிண்டி, பனையோலையும் ஆட்டெருவும் போட்டு, பதினெட்டு முருங்கைத் தடி நட்டார். மேலிரண்டு படியிலும் ஓலையை உரமாய்ப் புதைத்து, மண்ணை மிதித்துப் படிய வைத்தார்.

கார்த்திகையில் மழை தொடங்கியது. சும்மா மழையில்லை. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. வீதியெல்லாம் வெள்ளம் என்று வானொலி சொன்னது. இரண்டாம் நாள் இராசமலர் சோறு தின்னவில்லை. கட்டின் வயிறு தள்ளுகிறதா என்று ஒவ்வொரு கல்லாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தார். இரண்டாம் படியின் தெற்கு மூலையில் ஒரு கல் அசைந்தது. அதற்கு மேல் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்று, கூலிப் பெண்களைக் கூப்பிட்டு, முட்டுக் கல் வைத்து இறுக்கினார். அன்றைக்கு அவர் பயந்தார். அதை அவர் யாருக்கும் சொல்வதில்லை. இந்தக் கதையில் மட்டும் இருக்கட்டும்.

நாலாம் நாள் காலை மழை தூறலாகக் குறைந்தது. உதயகலா மானிப்பாயில் இருந்து பஸ் ஏறி வந்தாள். மேல் எல்லையில் குடையோடு நின்று பார்த்தாள். இரண்டு படியும் சிவப்பாக, நனைந்து, இருந்த மட்டத்திலேயே இருந்தன. கீழ்க் கட்டின் அடியில் யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. சண்முகநாதன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லிடுக்கில் இருந்து வழிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி, மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணை தேடுறியள்?” மேலிருந்து இராசமலர் கேட்டார்.

“சும்மா பார்க்க வந்தனான்.”

“மண் வருமெண்டு நிக்கிறியளோ?”

“இல்லை, இல்லை.” கையை உதறினார். “தண்ணி தெளிவாய்த்தான் வருது.”

“தெளிவாய்த்தான் வரும். கட்டினது ஆர்?”

சண்முகநாதன் கட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, எழுதுவினைஞராக இருந்த காலத்தில் ஒருநாளும் செய்யாத மாதிரி, ஒரே வரியில் கேட்டார்.

“என்ரை மேற்கு எல்லையும் கரையுது, மலர். உந்த மாதிரி ஒண்டு கட்டித் தருவியோ?”

“தருவன். நாளைக்கு வெள்ளெனக் கல்லுக் காட்டுங்கோ. எந்தக் கல்லு எங்கை போகவேணும் எண்டு நான்தான் சொல்லுவன். நீங்கள் வாய் திறக்கக் கூடாது.”

“ஓம், ஓம்,” என்றார் சண்முகநாதன்.

உதயகலா இரண்டாம் படிக்கு இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணுக்குள் காலை ஊன்றிப் பார்த்தாள். கணுக்கால் மறைந்தது. அதற்கும் கீழே மண் இருந்தது. கைப்பையில் இருந்து தொலைபேசியை எடுத்து, கல்லுக்குக் காணி கேட்டு வந்தவரின் இலக்கத்தை அழுத்தினாள். இராசமலர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்றார். காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

“ஓம், மானிப்பாய் உதயகலா கதைக்கிறன். அந்தக் காணி விசயம்... இல்லை, குடுக்கேல்லை. கல்லுக் காணியோ? இல்லையே. அது தோட்டக் காணி. அம்மா தைக்கு வெங்காயம் நடுறா.”